எந்த வருஷத்து ஆள் நீங்கள்? கௌபாய் சுடுபோட்டிக்கு எதை வாங்கலாம்

டெக்சஸில் நான் முதன்முதலில் போன கௌபாய் சுடுபோட்டியில் என் துப்பாக்கிகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் அருகில் வந்தார். தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். "எந்த வருஷத்து ஆள் நீங்கள்?" என்றார். கேள்வி எனக்குப் பிடிபடவில்லை. இடுப்பில் 1873 மாதிரி ரிவால்வர் ஜோடி, கையில் 1866 மாதிரி ரைஃபிள், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அவர் என் லீவைஸ் ஜீன்ஸின் பெல்ட் பட்டியைக் காட்டி, "இது 1922" என்றார். சட்டையின் அழுத்துப் பொத்தானைக் காட்டி, "இது 1946" என்றார். அப்புறம் சொன்னார்: "முதலில் ஒரு வருஷத்தைப் பிடியுங்கள். மிச்சமெல்லாம் அதன் பின்னால் தானே வரும்."

ஒரு மாதம் முன்பே அதைக் கேட்டிருந்தால் எனக்கு நிறையப் பணம் மிச்சமாகியிருக்கும். இப்போது இங்குள்ள தமிழ் நண்பர்கள் சிலர் இந்த விளையாட்டுக்கு வர ஆசைப்பட்டு, எதை வாங்குவது என்று என்னிடம் கேட்கிறார்கள். வேகமாகச் சுட்டுப் பரிசு வாங்குவது எப்படி என்று இங்கே எழுதவில்லை. அந்தக் காலத்து ஆளாக, பிழையில்லாமல் போய் நிற்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக. 1980களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் பிறந்தது. 1987இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்ற அமைப்பு உருவானது. எல்லோரும் 'சாஸ்' என்றுதான் சொல்வார்கள். ஒருவருக்கு இரண்டு ரிவால்வர், கைத்துப்பாக்கித் தோட்டாவையே சுடும், விசையருகே உள்ள நெம்புகோலை ஆட்டித் தோட்டா ஏற்றும் ஒரு லீவர் ரைஃபிள், சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஒரு ஷாட்கன். ரிவால்வர் சிங்கிள் ஆக்‌ஷனாக இருக்க வேண்டும். அதாவது தோட்டாவைத் தட்டும் சுத்தியான ஹேமரை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். ஆறு அறை இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா. ஹேமர் காலி அறைமேல் இருக்கும். இரும்புத் தகடுகளைச் சொன்ன வரிசையில் சுட வேண்டும். நேரம் ஓடிக்கொண்டிருக்கும், தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 5 விநாடி கூடும். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. ஒருவர் பதிந்த பெயர் இன்னொருவருக்குக் கிடைக்காது. உடையும் விதிக்குள் அடக்கம்.

துப்பாக்கி வாங்கும் முன் ஒன்று. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில் சேரும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் கூப்பிட்டார் என்று போய்விடாதீர்கள். ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் போங்கள்; விசா போனால் திரும்ப வராது.

சாஸா, என்கௌஸா?

அமைப்புகள் பல இருந்தாலும் நம் முடிவுக்கு இரண்டைப் பார்த்தால் போதும். சாஸ் பெரியது, நாடு முழுக்கக் கிளப்புகள் உண்டு. அதன் உடை விதி தாராளமானது: பழைய மேற்கத்திய சினிமாவில் வரும் பளபளப்பான கௌபாய் உடையும் அங்கே செல்லும், அதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. நேஷனல் காங்கிரஸ் ஆஃப் ஓல்ட் வெஸ்ட் ஷூட்டிஸ்ட்ஸ், சுருக்கமாக 'என்கௌஸ்', சினிமாவை வாசலிலேயே நிறுத்திவிடும். உள்நாட்டுப் போர் முடிந்த 1865இலிருந்து அந்த நூற்றாண்டு முடியும்வரை உள்ள காலம்தான் அவர்களுக்குக் கணக்கு. அந்தக் காலத்தில் நீங்கள் யார், என்ன வேலை செய்தீர்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் சாமான்களைப் பார்ப்பார்கள். உழைக்கும் கௌபாய்க்கு இரண்டு ரிவால்வர் எதற்கு என்று, ஒரே ரிவால்வரோடு சுடும் பிரிவையும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்ததே அந்தப் பிரிவைப் பார்த்துத்தான்.

வாங்குகிறவருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. என்கௌஸ் கண்ணுக்குச் சரியாக இருக்கும் சாமான் பெரும்பாலும் சாஸ் போட்டியிலும் கேள்வியில்லாமல் போகும். சாஸ் போட்டிக்காக வாங்கியது என்கௌஸில் தடுக்கப்படலாம். ஆகவே உங்கள் ஊரில் சாஸ் கிளப் மட்டும்தான் இருக்கிறது என்றாலும், கடினமான விதியை மனத்தில் வைத்து வாங்குங்கள். இரண்டு முறை செலவு செய்ய வேண்டியிருக்காது.

தோட்டாதான் முதல் முடிவு

பலர் ரிவால்வரின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, தோட்டாவைப் பற்றிப் பிறகு யோசிக்கிறார்கள். அது தலைகீழ். ரிவால்வரும் ரைஃபிளும் ஒரே தோட்டாவைச் சுட்டால் வாழ்க்கை சுலபம். அந்தக் காலத்து ஆளும் அப்படித்தான் யோசித்தான். எனவே எந்தத் தோட்டா என்பது முதலில், துப்பாக்கி பிறகு. முன்னால் இருப்பவை மூன்று.

முதலாவது 38 ஸ்பெஷல். விலை குறைவு, உதைப்பு குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். வேகத்துக்காகச் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது இதுதான். ஆனால் இந்தத் தோட்டா பிறந்தது 19ஆம் நூற்றாண்டு முடிகிற வேளையில். 38ஐச் சுடும் ரைஃபிள்மேல் முத்திரை குத்தப்பட்டிருக்கும் அதன் அண்ணன் 357 மேக்னம் 1935இல் வந்தது. 1873 மாதிரி ரைஃபிளின் குழலில் '357' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருக்கும். தோள் வலி, மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும், வீட்டில் எல்லோரும் ஒரே துப்பாக்கியில் சுட வேண்டும் என்பவர்களுக்கும் நான் 38ஐத்தான் சொல்வேன். வரலாறு வேண்டும் என்று வருகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது 45 கோல்ட். பெயரிலேயே வரலாறு இருக்கிறது என்று எல்லோரும் நம்பி வாங்குவது இது. ரிவால்வருக்கு மிகச் சரி: 1873இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட, கோல்ட் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி இந்தத் தோட்டாவோடுதான் வந்தது. பிரச்சினை ரைஃபிளில். 19ஆம் நூற்றாண்டில் எந்த லீவர் ரைஃபிளும் 45 கோல்ட் தோட்டாவுக்காகச் செய்யப்படவில்லை. அன்றைய தோட்டாவின் அடி விளிம்பு மிகச் சிறியது. ரிவால்வரில் ஒரு கம்பியால் உள்ளிருந்து தள்ளிவிடுவதால் அது போதும். ரைஃபிளில் கொக்கி பிடித்து வெளியே இழுக்க வேண்டும், பிடிக்க விளிம்பு வேண்டுமே! இன்றைய 45 கோல்ட் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் அந்தக் குறை சரிசெய்யப்பட்டிருப்பதால் இன்றைய ரைஃபிள்கள் அதைச் சுடுகின்றன. சுடும், ஆனால் 1880இல் அப்படி ஒரு ரைஃபிளை யாரும் பார்த்திருக்க முடியாது.

மூன்றாவது 44-40. என் தேர்வு இதுதான். 1873 ரைஃபிளுக்கென்று வின்செஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த தோட்டா. பெயரில் உள்ள 40 என்பது கருமருந்தின் எடை: 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். அதன்மேல் 200 கிரெயின், ஏறக்குறைய 13 கிராம் ஈயக் குண்டு. ரைஃபிள் எங்கும் பரவியதைப் பார்த்து, கோல்ட் நிறுவனம் 1878இல் இதே தோட்டாவுக்குத் தன் ரிவால்வரைச் செய்து 'ஃபிரான்டியர் சிக்ஸ் ஷூட்டர்' என்று பெயர் வைத்தது. அன்றிலிருந்து இடுப்பில் ஒரே பெல்ட், அதில் ஒரே தோட்டா, இரண்டு துப்பாக்கிக்கும் தீனி. கடைத்தெருவிலிருந்து பல நாள் பயணத் தொலைவில் வாழ்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். இதே குடும்பத்தில் 38-40, 32-20 என்று சின்ன உருப்படிகளும் பின்னர் வந்தன. 38-40 என்ற பெயரை நம்பாதீர்கள், குண்டின் விட்டம் உண்மையில் அங்குலத்தில் நூறில் 40 பங்கு.

44-40க்குக் குறைகள் உண்டு, மறைக்க மாட்டேன். கடைத் தோட்டா விலை அதிகம். ஒரு மாதாந்திரப் போட்டியில் ஆறு சுற்று என்றால் ரிவால்வரில் 60, ரைஃபிளில் 60, மொத்தம் 120 தோட்டா தீர்ந்துவிடும். ஆக, காலிக் கூட்டைப் பொறுக்கி வீட்டிலேயே மறுபடி நிரப்பக் கற்றுக்கொள்வது கிட்டத்தட்ட கட்டாயம். அதிலும் இதன் கூடு கழுத்தில் ஒடுங்கியது, பித்தளை தாள்போல மெல்லியது. அச்சில் இடும்போது எண்ணெய் தடவ வேண்டும், கை கொஞ்சம் அழுந்தினால் கழுத்து நசுங்கிவிடும். முதல் நூறு கூட்டில் நான் பதினைந்தைக் கெடுத்தேன். 45 கோல்ட் இந்த வகையில் பரம சாது.

ஆனால் அந்த மெல்லிய கழுத்துதான் இதன் பெரிய பலமும். சுடும்போது கழுத்து சட்டென்று விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, புகையைப் பின்னால் விடாமல் அடைத்துவிடும். 45 கோல்ட் கூடு தடிமனானது, நேரானது; போட்டிக்கென்று மருந்தைக் குறைத்து நிரப்பினால் சரியாக விரியாது. கரி பின்னால் கசிந்து ரைஃபிளின் உள்ளுறுப்புகளில் படியும். புகையில்லா மருந்தில் இது சின்னத் தொல்லை. கருமருந்தில் பெரிய தொல்லை.

கருமருந்து என்றதும் அதையும் சொல்லிவிட வேண்டும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது, நம்மூர் நாட்டுத் துப்பாக்கியிலும் கோயில் வேட்டிலும் இருக்கிற அதே மருந்து. புகையில்லா மருந்தை பிரான்சில் போல் வியேய் கண்டுபிடித்தது 1884இல். அமெரிக்க மேற்கில் அது புழக்கத்துக்கு வர 1890களின் நடுப்பகுதி ஆயிற்று. ஆகவே உங்கள் வருஷம் 1880 என்றால், உடை எவ்வளவு சரியாக இருந்தாலும் துப்பாக்கியிலிருந்து வெண்புகை எழாவிட்டால் ஏதோ குறைகிறது. தொடங்கிய உடனே இதற்குப் போக வேண்டாம். ஒரு வருஷம் கழித்துப் போங்கள். ஐந்து குண்டு சுட்டதும் இலக்கே புகையில் மறைந்துபோய், காற்று விலக்கிவிடும்வரை காத்திருக்கும் அந்தக் கணத்தில்தான், அக்காலத்துச் சண்டைகளைப் பற்றிப் படித்தவை எனக்கு விளங்கின. சுத்தம் செய்ய விலையுயர்ந்த திரவம் எதுவும் வேண்டாம், சோப்பு கலந்த வெந்நீர் போதும். ஆனால் குண்டில் பெட்ரோலிய மசகு இருந்தால் கரியோடு கலந்து தார்போல இறுகிவிடும். தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்த மசகுதான் சரி.

கேப் வைத்துச் சுடுவது

பணம் குறைவு, ஆனால் வரலாறு முழுதாக வேண்டும் என்பவருக்கு இன்னொரு வழி இருக்கிறது: உலோகத் தோட்டாவே இல்லாத ரிவால்வர். சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் மருந்தைக் கொட்டி, ஈய உருண்டையை நெம்புகோலால் அழுத்தி, பின்னால் கேப் என்ற, தட்டினால் வெடிக்கும் சின்ன உலோக மூடியை வைத்துச் சுடுவது. இத்தாலியில் பியட்டா, ஊபர்ட்டி நிறுவனங்கள் செய்யும் 1860 கோல்ட் ஆர்மி நகல், தோட்டா ரிவால்வரைவிட நன்றாக விலை குறைவு. சாஸில் 'ஃபிரான்டியர்ஸ்மன்' என்ற பிரிவே இவற்றுக்காக உண்டு. 1866 முதல் 1875 வரை உள்ள ஆளாக வர நினைத்தால் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. போரிலிருந்து வீடு திரும்பியவர்களின் கையில் இருந்தது இதுதான்.

இதற்குள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது: கோல்ட் 1860ஆ, ரெமிங்டனா? ரெமிங்டனின் மேல்பக்கம் மூடிய சட்டகம் பார்க்க உறுதியாக இருக்கும், சிலிண்டரை நொடியில் கழற்றி மாட்டலாம். அதனால் புதியவர்கள் அதையே எடுக்கிறார்கள். ஆனால் அதன் சிலிண்டர் சுழலும் கம்பி மெல்லியது. கருமருந்துக் கரி படிந்து சீக்கிரம் இறுகிவிடும். கோல்ட்டின் நடுத்தண்டு பருமன், அதில் மசகு தங்கக் காடிகளும் உண்டு. ஒரு நாள் முழுக்கச் சுட கோல்ட்தான் தாங்கும். கோல்ட்டுக்கும் ஒரு நோய் உண்டு: வெடித்த கேப்பின் துண்டு ஹேமருக்குள் விழுந்து அப்படியே நின்றுவிடும். துப்பாக்கியைச் சற்று மேல்நோக்கித் தூக்கி ஹேமரை இழுத்தால் துண்டு வெளியே விழும், பழகிக்கொள்ளலாம். ரெமிங்டனை எல்லோரும் '1858' என்பார்கள். அது குழலில் பொறித்த காப்புரிமை வருஷம். நீங்கள் கையில் வாங்கும் 'நியூ மாடல் ஆர்மி' 1863இல் வந்தது. 1859ஆம் வருஷத்து ஆளாக அதை மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ரிவால்வரும் ரைஃபிளும்

தோட்டா முடிவானால் இது சுலபம். அசல் கோல்ட், இத்தாலிய நகல், ரூகர் வகேரோ என்ற மூன்றில் நான் கண்ணை மூடிக்கொண்டு இத்தாலிய நகலைச் சொல்வேன். ரூகர் 1993இல் வகேரோவைக் கொண்டுவந்தது. உள்ளே சுருள்வில், பாதுகாப்புப் பட்டை எல்லாம் வைத்த, உடையவே உடையாத துப்பாக்கி. போட்டிக்கு அருமை. ஆனால் ஹேமரை இழுக்கும்போது கோல்ட்டில் வரும் அந்த நான்கு 'கிளிக்' இல்லை, கையில் எடுத்ததும் தெரிந்துவிடும். அமெரிக்காவில் இன்று செய்யப்படும் கோல்ட் நல்லதுதான், அந்தக் காசுக்கு நகல் இரண்டும் தோல் உறையும் வாங்கிவிடலாம். 19ஆம் நூற்றாண்டு அசல் கோல்ட் யாராவது தந்தால் சுவரில் மாட்டுங்கள். புகையில்லா மருந்துக்கு அந்த நிறுவனமே பொறுப்பேற்றது 1900இல்தான். அதற்கு முந்தைய இரும்பு இன்றைய தோட்டாவைத் தாங்கும் என்று நம்பிச் சுடக் கூடாது.

நகல் வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிலிண்டர் கம்பியைப் பிடித்திருப்பது முன்பக்கத்து ஸ்க்ரூவா, குறுக்கே அமுக்கும் வில் பொத்தானா? ஸ்க்ரூ பழையது. பொத்தான் 1892இலிருந்து வரத் தொடங்கியது. ஊபர்ட்டி இரண்டையும் செய்கிறது, விலையில் பெரிய வேறுபாடு இல்லை. உங்கள் வருஷம் 1880 என்றால் ஸ்க்ரூ வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். பத்தில் எட்டுப் பேர் கவனிக்க மாட்டார்கள், அந்தப் பெரியவர் கவனிப்பார்.

ரைஃபிளில் 1860 ஹென்றி, 1866, 1873, 1892 என்று நான்கு. ஹென்றி மிக அழகு. ஆனால் முன்கைக்கு மரம் கிடையாது, இருபது குண்டு சுட்டால் குழல் கையைச் சுடும். அசல் ஏறக்குறைய 14,000தான் செய்யப்பட்டது, எல்லோர் கையிலும் இருந்ததல்ல. 1866இன் பித்தளைச் சட்டகம் வெயிலில் மின்னும். ஆனால் இவை இரண்டின் அசலும் சுட்டது 44 ஹென்றி என்ற வேறொரு சிறிய தோட்டாவை. இன்றைய 44-40 நகல் ஒரு சமரசம்தான். 1892 ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, நால்வரில் பலசாலி, எடையும் குறைவு. 1890களின் ஆளாக வருகிறவருக்கு அதுவே சரி. மற்ற எல்லோருக்கும் 1873. 1923 வரை 7 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட ரைஃபிள் அது. தோட்டாவை நேராக மேலே தூக்கி நேராக உள்ளே தள்ளுவதால் சிக்குவது அபூர்வம். லீவர் ஓடும் தூரத்தைக் குறைக்கும் மாற்றுப் பாகங்கள் விற்கிறார்கள். அவை உள்ளே இருப்பவை, வெளியே தெரியாது. போட்டுக்கொள்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்குத் தேவைப்படவில்லை.

ஷாட்கனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெளியே ஹேமர் தெரியும் இரட்டைக்குழல் எந்த வருஷத்துக்கும் பொருந்தும். ஹேமர் உள்ளே மறைந்த இரட்டைக்குழலும் 1880களின் பிற்பகுதி ஆளுக்குத் தவறில்லை. முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் 1897 பம்ப் வேகமானது, ஆனால் அதை எடுத்த கணமே உங்கள் வருஷம் 1897க்கு நகர்ந்துவிடும். பழைய சந்தைகளில் குழல் முழுக்க அலை அலையாகக் கோலம் போட்டதுபோல் இருக்கும் டமாஸ்கஸ் குழல்கள் கண்ணைப் பறிக்கும். இன்றைய தோட்டாவை அதில் போடாதீர்கள். குழல் பிளக்கலாம், இடது கை அங்கேதான் இருக்கிறது.

தோலும் துணியும்

இத்தனை சொன்ன பிறகும் என் உறுதியான கருத்து இது: ஒருவரின் காலத்தைக் காட்டிக்கொடுப்பது துப்பாக்கி அல்ல, உறையும் கால்சட்டையும்தான். துப்பாக்கியில் செலவழிக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கே செலவழித்தால் தோற்றமே மாறிவிடும்.

முதலில் உறை. சினிமாவில் பார்க்கும் உறை பெல்ட்டிலிருந்து கீழே தொங்கும், பெல்ட்டில் வெட்டிய துளையில் கோத்திருக்கும், தொடையில் கயிறு கட்டியிருக்கும். 'பஸ்கடெரோ' என்று பெயர், 1920களில் டெக்சஸில் உருவானது. உள்ளே உலோகத் தகடு வைத்தவை 1950களின் தொலைக்காட்சிக் காலத்துச் சரக்கு. கடையில் 'அசல் கௌபாய் உறை' என்று விற்பதில் பாதிக்கு மேல் இந்த வகைதான். முதலில் நானும் இதைத்தான் வாங்கினேன். அசலான தேர்வுகள் இரண்டு. 'ஸ்லிம் ஜிம்' துப்பாக்கியின் உருவத்தையே ஒட்டிய மெல்லிய உறை, 1850களில் கலிஃபோர்னியாவில் தோன்றியது, கேப் ரிவால்வர்க்காரர்களுக்குப் பொருத்தம். 'மெக்சிகன் லூப்' 1870களிலிருந்து மாட்டுப் பாதைகளெங்கும் பரவியது. ஒரே பெரிய தோலை மடித்து, பின்பக்கத் தோலில் கீறல் போட்டு, அந்த வளையங்களுக்குள் உறையையே செருகிவிடுவது. தையல் குறைவு, உலோகம் இல்லை, விலையும் குறைவு. 1875 முதல் 1900 வரை எந்த வருஷத்துக்கும் இதை வாங்கினால் தவறாது. இடுப்பில் உயரமாகக் கட்டுங்கள். குதிரை மேல் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு, தொடையில் தொங்கும் துப்பாக்கி வெறும் இடைஞ்சல்.

இரண்டு ரிவால்வர் என்பதே விளையாட்டின் தேவை, வரலாற்றின் தேவை அல்ல. மாடு ஓட்டியவனிடம் ஒன்று இருந்தாலே அதிகம். ஊருக்குள் நுழைந்தால் அதையும் ஒப்படைக்க வேண்டிய இடங்கள் இருந்தன. அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த பிரபலமான துப்பாக்கிச் சண்டையே ஊருக்குள் ஆயுதம் தரிக்கக் கூடாது என்ற உள்ளூர்ச் சட்டத்தை ஒட்டி மூண்டதுதான். ஆகவே சாஸில் சுடும்போது இரண்டாவது உறையைத் தனியாகக் கழற்றி வைக்கும்படி வாங்குங்கள். மெக்சிகன் லூப்பில் அது சுலபம்.

பழைய புகைப்படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வது மிக நல்ல வழி, ஒரு எச்சரிக்கையோடு. தகரத்தகட்டுப் படங்கள் கண்ணாடிபோல இடம் வலம் மாறியிருக்கும். 1880 வாக்கில் ஃபோர்ட் சம்னரில் எடுத்த, பில்லி த கிட் என்ற பிரபலக் குற்றவாளியின் படத்தில் ரிவால்வர் இடது இடுப்பில் தெரிவதால், அவன் இடக்கைக்காரன் என்றே பல தலைமுறை நம்பியது. அவன் பிடித்திருக்கும் 1873 வின்செஸ்டரில் தோட்டா செருகும் வாய் தவறான பக்கத்தில் இருப்பதைக் கவனித்தால் உண்மை விளங்கும். அது வலது பக்கம்தான் இருக்க வேண்டும். அதே படத்தில் அவன் உடையையும் பாருங்கள். தொளதொளத்த கம்பளி மேலுடை, நசுங்கிய தொப்பி. சினிமா கௌபாய் அங்கே இல்லவே இல்லை. அந்தப் படம் 2011இல் 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, நமக்கு இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது.

கால்சட்டைக்கு வருவோம். தாமிர ரிவெட் வைத்த கால்சட்டைக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை பெற்றது 1873 மே 20இல். ஆகவே ஜீன்ஸே தவறு என்பதில்லை. ஆனால் அது சுரங்கத் தொழிலாளியின் உடுப்பு, டெக்சஸ் மாட்டுக்காரன் பெரும்பாலும் கம்பளிக் கால்சட்டைதான் போட்டான். ஜீன்ஸ் வேண்டுமென்றால் பெல்ட் பட்டி இல்லாதது, தோள்வாரைப் பொருத்தப் பொத்தான் உள்ளது, பின்னால் இறுக்கும் வார் உள்ளது, ஜிப் இல்லாதது என்று கேளுங்கள். இரண்டாவது பின்பாக்கெட் 1901இல் வந்தது. அசலில் ஒன்றே ஒன்று. இருக்கும் பழைய கம்பளிப் பேன்ட்டின் பட்டிகளை அறுத்துவிட்டுத் தோள்வார் பொத்தான் தைத்துக்கொண்டால் போதும். என் மனைவி அரை மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தாள். இன்றுவரை அதுதான் என் கால்சட்டை, இந்த மொத்த விளையாட்டிலும் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த லாபம் அதுவே.

சட்டை தலைவழியாகப் போடுவதாக, நெஞ்சு வரை மட்டும் பொத்தான் உள்ளதாக, தொளதொளப்பாக இருக்க வேண்டும். மேலே ஒரு வெயிஸ்ட்கோட். கால்சட்டைப் பாக்கெட்டில் கைவிட முடியாமல் குதிரைமேல் இருந்தவனின் பெட்டி, பை எல்லாம் அதுதான். பூட்ஸ் கூர்முனை இல்லாமல், தோல் அடி உள்ளதாக, முழங்காலுக்குக் கீழ்வரை உயர்ந்ததாக இருக்கட்டும்.

தொப்பியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டெட்சன் 1865இல் விற்கத் தொடங்கிய 'பாஸ் ஆஃப் தி ப்ளெயின்ஸ்' தொப்பிக்கு மடிப்பே கிடையாது. உச்சி உருண்டு உயர்ந்திருக்கும், விளிம்பு தட்டை. இருபுறமும் சுருட்டிய விளிம்பு பிற்கால நாகரிகம். முயல் அல்லது பீவர் மயிரில் செய்த தொப்பி மழையைத் தாங்கும். மலிவான கம்பளித் தொப்பி ஒரே மழையில் காதுவரை தொங்கிவிடும். பணம் போதவில்லையா, சார்லி சாப்ளின் போடுவாரே, அந்த பௌலர் தொப்பி வாங்குங்கள். அந்தக் கால மேற்கில் அது எங்கும் இருந்தது, விலையும் மலிவு.

காலத்துக்குப் பொருந்தாவிட்டாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை கண்ணாடியும் காதடைப்பும். ஈயச் சிதறல் வருஷம் பார்ப்பதில்லை. வட்டச் சட்டம் போட்ட பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

இந்த உடையெல்லாம் நம் நிறத்துக்குப் பொருந்துமா என்று ஒரு நண்பர் தயங்கிக் கேட்டார். மாடோட்டிகளில் நால்வரில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள். தொழிலைக் கற்றுக்கொடுத்ததே மெக்சிகோ மாடோட்டிகளான வகேரோக்கள். ரோடியோ, லாசோ எல்லாம் அவர்கள் சொற்கள். வெள்ளை முகம் மட்டும் நிறைந்த மேற்கு திரையில்தான் இருந்தது. தயங்காமல் வாருங்கள். என் பாத்திரம் 1879ஆம் வருஷத்து மாட்டுப் பாதைச் சமையல்காரன். டெக்சஸ் மாட்டுப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட் 1866இல் வடிவமைத்த சமையல் வண்டியின் பின்னால் நிற்கும் ஆள்: கம்பளிக் கால்சட்டை, கறைபட்ட ஏப்ரன், பௌலர் தொப்பி, ஒரே ஒரு 44-40.

இன்று முதலிலிருந்து வாங்குவதாக இருந்தால் வரிசை இப்படித்தான் இருக்கும். முதல் இரண்டு மாதம் துப்பாக்கியே வாங்க மாட்டேன். கிளப்புக்குப் போய் வேடிக்கை பார்ப்பேன், புதியவர்களுக்குத் தங்கள் துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு கிளப்பிலும் இருப்பார்கள். அந்த நேரத்தில் தொப்பியும் கால்சட்டையும் சட்டையும் சேர்ப்பேன். பிறகு 44-40 ரிவால்வர் ஒன்று, மெக்சிகன் லூப் உறை ஒன்று, கூடு நிரப்பும் கருவி. அதோடு என்கௌஸின் ஒற்றை ரிவால்வர் பிரிவில் இரவல் ரைஃபிளோடு சுடத் தொடங்கிவிடலாம். பணம் சேர்ந்ததும் 1873. இரண்டாவது ரிவால்வர் அதற்குப் பிறகு, சாஸ் போட்டிக்குப் போக வேண்டும் என்று தோன்றினால். ஷாட்கன் கடைசி, அதை மட்டும் ஒரு வருஷம் முழுக்க இரவல் வாங்கியே சமாளித்தேன், தர மறுத்தவர் ஒருவர்கூட இல்லை.